வீராணத்துக் கரையில் ஒரு நாள்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை நம் வீட்டுக் குழாய் மௌன விரதம் பூண்டது. பட்டணத்தில் இது அதிசயமான விஷயம் அல்ல. திருகியதும் முதலில் ஒரு பெருமூச்சு விட்டது, பிறகு இரண்டு முறை இருமியது, அப்புறம் நிசப்தம். குடத்தை வைத்துக்கொண்டு நின்ற நம் பெண், "அப்பா, இந்தத் தண்ணீர் எந்த ஊரிலிருந்து வருகிறது?" என்று கேட்டாள்.

"ஒரு பங்கு வீராணத்திலிருந்து வருகிறது" என்றோம்.

"வீராணம் எப்படி இருக்கும்?"

பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாம். நைல் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் போட்டுக் காட்டுவோம். ஆனால் அன்றாடம் நாம் குடிக்கும் தண்ணீரின் பிறந்த வீட்டை நாற்பது வயது கடந்தும் பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் தகப்பனும் பெண்ணுமாகக் கும்பகோணம் செல்லும் பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்தோம்.

தண்ணீர் வருகிற வழியிலேயே எதிர்த்திசையில் போவது என்பது நம் திட்டம். வீராணத்து ஜலம் சுமார் 230 கிலோமீட்டர் குழாய்க்குள்ளேயே பிரயாணம் செய்து சென்னை எல்லையில் போரூரை அடைகிறது. 2004-ஆம் ஆண்டில் நிறைவேறிய ஏற்பாடு அது. அதற்கு முன்பே, 1970-களில், இதே காரியத்துக்காகச் செய்த பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்கள் வேலை நின்றுபோனதால் சாலை ஓரத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. நாம் சிறு பையனாக இருந்தபோது அவற்றைப் பார்த்திருக்கிறோம். குழாயின் ஒரு வாயில் கோணித்திரை தொங்கும். மறு வாயில் அடுப்புப் புகை வரும். தண்ணீர் குடிபுக வேண்டிய இடத்தில் வீடில்லாத ஜனங்கள் குடிபுகுந்திருந்தார்கள்.

பண்ணுருட்டியில் பலாப்பழ வாசனை பஸ்ஸுக்குள் ஏறி எல்லோரையும் எழுப்பிவிட்டது. முந்திரித் தோப்புகளைத் தாண்டி நெய்வேலிப் பக்கம் சென்றதும் வடக்குத்து என்னும் ஊர் வருகிறது. ஏரி ஜலத்தைச் சுத்திகரிக்கும் ஆலை இங்கேதான் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் சுத்தம் செய்யக்கூடியது. இந்தப் பிரதேசத்தில் பூமிக்கு அடியிலும் ஜலம் உண்டு. நிலக்கரி வெட்டும் சுரங்கத்துக்குள் அது பீறிட்டு வந்துவிடாதபடி ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2004-இல் ஏரி வறண்டு கிடந்தபோது, போட்ட குழாய் வீண் போகாமல் இருப்பதற்காக வழி நெடுக ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி அந்த ஜலத்தைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். வீராணத்தில் தண்ணீர் இல்லாமலே வீராணத்துக் குழாய் ஓடிற்று! அந்தக் கிணறுகளைச் சுற்றியிருந்த குடியானவர்கள் தங்கள் சொந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துக் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்து, சற்றுத் தூரம் சென்றதும் பஸ் ஒரு மேட்டின் மீது ஏறியது. நம் பெண், "அப்பா, சமுத்திரம்!" என்று கூவிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் சிரித்து, "ஏரி அம்மா, எங்க ஏரி" என்றார். அந்த "எங்க" என்ற சொல்லில் இருந்த பெருமையை என்னவென்று சொல்வது!

சாலையே ஏரிக்கரைதான். வலது பக்கம் மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் ஜலம். சிற்றலைகள் கரைக் கல்லில் வந்து மோதுகின்றன. இடது பக்கம் கிழக்கே, ஏரி மட்டத்துக்கு மிகவும் தாழ்வாக, நாற்றங்கால்களும் உழுது வைத்த வயல்களும் தென்னந் தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. கரை ஒரு சாண் அளவு மனம் தளர்ந்தால் கீழே உள்ள கிராமங்கள் என்ன ஆகும் என்று நினைத்தாலே நெஞ்சு துணுக்குறுகிறது. ஏரியின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். பஸ் எவ்வளவு ஓடினாலும் ஏரியும் கூடவே வருகிறது. பாசனத்தில் இருக்கும் நிலம் சுமார் 45,000 ஏக்கர். ஏரி நிரம்பினால் நீர்மட்டம் 47.5 அடி என்று கணக்கு. அப்போது அதற்குள் 146 கோடி கன அடிக்கு மேல் ஜலம் நிற்கும்.

கணக்கு வாத்தியாருக்குப் பதிலாக அடிக்கடி வகுப்பு எடுத்த பழக்கம் நம்மை விடவில்லை. பையிலிருந்த காகிதத்தில் ஒரு சிறு வகுத்தல் போட்டுப் பார்த்தோம். பட்டணம் தன் 18 கோடி லிட்டரைத் தினந்தோறும் எடுத்துக்கொண்டு, ஏரிக்குப் புதிதாக ஒரு சொட்டுக்கூட வராமல் இருந்தால், நிரம்பிய ஏரியை சுமார் 230 நாளில் குடித்துத் தீர்த்துவிடும். வெயில் குடிப்பதையும் வயல் குடிப்பதையும் சேர்க்காத கணக்கு இது. நல்ல வருஷத்தில் ஏரி பல தடவை நிரம்பும். அப்போது பட்டணத்தின் பங்கு பெரிய பங்கு ஆகாது. ஆற்றில் தண்ணீர் வராத வருஷத்தில்தான் வம்பு. அப்போது குழாயும் மதகும் ஒன்றை ஒன்று முறைத்துப் பார்த்துக்கொள்கின்றன.

லால்பேட்டையில் ஏரியின் தென்பகுதியிலுள்ள வடிகாலைப் பார்த்தோம். மிகுதி ஜலம் இங்கிருந்து வெள்ளியங்கால் ஓடையில் விழுந்து போகிறது. அருகில் வெற்றிலைக் கொடிக்கால்கள் பசேல் என்று நிற்கின்றன. அங்கே தேநீர்க் கடையில் கேட்ட பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. "மழைக்காலத்திலே ஏரியைக் கொஞ்சம் காலியாக வைத்திருந்தால் வெள்ளத்தைத் தாங்கும். ஆனால் குடிதண்ணீருக்காக முட்ட முட்ட நிறுத்தி வைக்கிறார்கள். திடீரென்று மேற்கே இருந்து காட்டாறு வருகிறது. உடனே வடிகாலைத் திறந்துவிடுகிறார்கள். ஊருக்குள்ளே தண்ணீர் வருகிறது" என்றார் ஒருவர். செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மேற்கேயிருந்து ஏரியில் வந்து விழுகின்றன. வரும்போது வெறும் கையோடு வருவதில்லை. மேட்டு நிலத்து வண்டலையும் சுமந்து வந்து ஏரிக்குள் கொட்டிவிடுகின்றன. மேற்கே காடு குறைந்து மண் அரிப்பு மிகுந்தால் ஏரியின் வயிறு சுருங்குகிறது. கரையை உயர்த்துவதை எல்லோரும் பார்க்கலாம்; தரை உயர்வதை யார் பார்க்கிறார்கள்?

காட்டுமன்னார்கோயிலில் இறங்கி வீரநாராயணப் பெருமாளைச் சேவித்தோம். வைஷ்ணவர்களுக்கு இது மிகவும் உகந்த ஸ்தலம். நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் அவதரித்த ஊர். அவருடைய பேரர் ஆளவந்தாரும் இந்த ஊரே. ஏரிக்கு அந்நாளில் 74 மதகுகள் இருந்தனவாம். ஒரே ஏரியின் ஜலம் இத்தனை மதகு வழியாக நாடெங்கும் பாய்வதைக் கண்டுதான் ராமானுஜர் தம் சித்தாந்தத்தைப் பரப்ப 74 ஆசாரியர்களை நியமித்தார் என்று பெரியோர்கள் சொல்வதுண்டு. 1950-இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கிய கல்கியும் ஆடிப் பெருக்கு நாளில் வந்தியத்தேவனை இந்தக் கரை மேல்தான் குதிரை ஏற்றி அனுப்பினார். அவரும் அந்த 74 கணவாய்களை விடவில்லை.

பெருமாளுக்கும் ஏரிக்கும் பெயர் கொடுத்த வீரநாராயணன், முதற் பராந்தக சோழன். 907 முதல் சுமார் 955 வரை ஆண்டவன். அவன் மகன் இராஜாதித்தன் வடக்கேயிருந்து வரக்கூடிய படையெடுப்பை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் பெருஞ்சேனையோடு தங்கியிருந்தான். சும்மா இருந்த வீரர்களைக் கொண்டு அவன் தோண்டுவித்த ஏரி இது என்பது வழிவழியாக வரும் செய்தி. 949-இல் தக்கோலப் போர்க்களத்தில் அந்த இளவரசன் யானை மேல் இருந்தபடியே உயிர் துறந்தான். சேனை போயிற்று, வம்சமும் போயிற்று, ஏரி இருக்கிறது.

இதே பராந்தகன் காலத்தில்தான், 919-லும் 921-லும், உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. சென்ற வருஷம் நம் மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருந்தோம். குடவோலை என்றதும் பையன்களுக்குத் தேர்தல் ஞாபகந்தான் வருகிறது. நமக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. அந்தக் கிராமத்தில் ஏரியை மேற்பார்ப்பதற்கென்றே ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட சபை ஒன்று இருந்தது. பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி அதில் நுழைய முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் நுழைய முடியாது. மைத்துனன் பெயரில் காண்டிராக்டு எடுக்கும் சாமர்த்தியம் அக்காலத்திலும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறவினர் பட்டியலை அத்தனை நீளமாகக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள்.

நாம் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வாரியத்தில் அமர வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் படிப்பு வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. சேற்றில் இறங்கி மடை திறந்தவனுக்கும் இடமில்லை. ஆனாலும் ஏரியிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் ஏரிக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்ற ஒரு விதி இருந்தது. சொல்லவேண்டிய இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வடவாற்றைத் தேடித் தெற்கே அணைக்கரைக்குச் சென்றோம். காவிரி ஜலம் மேட்டூரை விட்டுக் கிளம்பி, முக்கொம்பு, கல்லணை ஆகியவற்றைத் தாண்டி, கொள்ளிடத்தில் இறங்கி இங்கே வந்து சேருகிறது. ஆற்றின் நடுவே ஒரு தீவு. இரு பக்கமும் கொள்ளிடத்தின் இரண்டு கைகள். குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. மேலே முக்கொம்பில் அணை கட்டினால் கீழே வீராணத்துக்கு வரும் நீர் குறையும் என்று கண்டே இதையும் சேர்த்துக் கட்டினார். ஒருவனுக்குக் கொடுக்கும்போது மற்றவனுக்கு என்ன ஆகும் என்று யோசித்த அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அணைக்கு வேண்டிய கருங்கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் மதிலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஊரார் தடுத்தார்கள், தடுத்தவர்கள் தண்டனை பெற்றார்கள், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு ஒழுங்காக நிறைவேறவில்லை என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே கங்கைகொண்ட சோழபுரத்தில் இராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்ற பேரேரி, வீராணத்துக்கு இளையது. இன்று அதன் பெரும் பகுதி தூர்ந்து கிடக்கிறது. தண்ணீர் கொண்டு வந்த கால்வாய் கெட்டது, கவனிப்பார் இல்லை, ஏரி மேடாயிற்று. வீராணம் பிழைத்ததற்கு அடையாளமாகக் கீழணையின் வடகரையில் வடவாறு கலங்கலாக, அவசரம் இல்லாமல், வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஜலத்தைப் பார்த்தபோது இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு காவிரியைப் பங்கிட்டபோது, நம் மாகாணத்துக்குக் கர்நாடகம் விடவேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த அளவில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் நகரத்தின் குடிதண்ணீருக்கு என்று சொல்லிற்று. அன்று பட்டணத்தில் நாமெல்லாம் கோபித்துக்கொண்டோம். "உழவன் வயிற்றில் அடித்து ஊர்க்காரனுக்குக் கொடுக்கிறதா?" என்று ஆசிரியர்கள் அறையில் மேஜையைத் தட்டிப் பேசியவர்களில் நாமும் ஒருவர். பேசி முடித்துவிட்டு, தாகம் எடுத்ததால், வீராணத்து ஜலத்தில் ஒரு டம்ளர் குடித்தோம்! நகரத்து ஜனங்களும் மனிதர்கள்தாம். குடிதண்ணீர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையில் வீராணம் கைவிட்டிருந்தால் நம் கதி என்ன? ஆனால் காவிரியில் நாம் கடைமடைக்காரர்களாக நின்று வாதாடுகிறோம்; வீராணத்தில் தலைமடைக்காரர்களாக வந்து முதல் மதகில் உட்கார்ந்துகொண்டோம். காவிரியைப் பற்றி முறையிட 2018-இல் ஓர் ஆணையமாவது ஏற்பட்டது. லால்பேட்டைத் தேநீர்க் கடைக்காரர் பட்டணத்துக் குழாயைப் பற்றி முறையிட வேண்டுமானால் நம் தெருவுக்கு வந்தா கேட்பார்?

மாலையில் மறுபடியும் ஏரிக்கரைக்கு வந்து பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். சூரியன் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு மதகின் மேல், மண்வெட்டியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பாட்டனும் தகப்பனும் தங்கள் ஊர் வாய்க்காலுக்கு மடை பார்த்தவர்களாம். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஜில்லாவுக்கு ஜில்லா பெயர் மாறுமே தவிர வேலை ஒன்றுதான்: எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று தீர்த்துத் தண்ணீர் விடுவது. பெரும்பாலும் அதைச் செய்தவர்கள் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கள்; அதனாலேயே பட்சபாதம் இல்லாமல் விட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. கூலியாக அறுவடையில் நெல் கொடுத்தார்கள். கோயில் வாசலில் நிற்க மட்டும் வெகு காலம் இடம் கொடுக்கவில்லை.

"இப்போது யார் மடை பார்க்கிறார்கள், பெரியவரே?" என்று கேட்டோம்.

"அதிகாரிங்க வந்து திறக்கிறாங்க ஐயா. எங்களுக்குச் சங்கம் இருக்கு. தேர்தல் கூட வச்சாங்க. வாய்க்கால் தூர் வாருறது எப்பன்னு கேட்டா, பணம் வரட்டும்கிறாங்க. முன்னே வீட்டுக்கு ஒரு ஆள்னு எல்லாரும் மம்பட்டியோட வந்துடுவோம். இப்ப பையன்க திருப்பூருக்கும் துபாய்க்கும் போயிட்டானுங்க. என் பேரனுக்கு மடைக்கும் மதகுக்கும் வித்தியாசம் தெரியாது. அதிலே எனக்கு வருத்தம் இல்லை. அவன் இந்தச் சேத்திலே கைகட்டி நிக்க வேண்டாம். ஆனா யாராவது தெரிஞ்சு வச்சிருக்கணுமில்ல?"

2000-ஆம் ஆண்டில் பாசன விவசாயிகள் சங்கங்களுக்காகச் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் ஒரு புதிய திட்டமும் வந்தது. நிலமில்லாத இந்தப் பெரியவரைப் போன்றவர் அவற்றில் எங்கே உட்காருவார் என்பது நமக்கு விளங்கவில்லை. உத்தரமேரூர்க் கல்லிலும் அவருக்கு இடம் இல்லை என்பதை நினைத்துப் பேசாமல் இருந்தோம்.

"ஐயாவுக்கு எந்த ஊர்?"

"சென்னை" என்றோம், சற்றுக் குரலைத் தாழ்த்தி.

பெரியவர் கோபிக்கவில்லை. "குடிக்கிறதுக்குத்தானே கொண்டு போறீங்க. குடிங்க, குடிங்க. தண்ணி இல்லேன்னு சொல்லக் கூடாது" என்றார். பிறகு யோசித்து, "ஆனா ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்கக் கூடாது. அவ்வளவு பெரிய ஊரிலே உங்களுக்குன்னு ஏரியே கிடையாதா?" என்றார்.

நாம் பதில் தேடுவதற்குள் நம் பெண் முந்திக்கொண்டு, "இருக்கிறதே, தாத்தா! எங்கள் வீடே ஏரிக்கரைத் தெருவில்தான் இருக்கிறது" என்றாள்.

குழந்தை பொய் சொல்லவில்லை. மேற்கு மாம்பலத்தில் நம் தெருவின் பெயரை ஆங்கிலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏரியைப் பார்த்த வீதி என்று அர்த்தம். மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரிகளில் மாம்பலத்துப் பக்கத்தை 1920-களில் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் இப்போது வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பாண்டி பஜாரில் தீபாவளிக்குப் புடவை எடுக்கிறவர்கள் ஏரிக்குள் நின்றுதான் எடுக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் ஜலம் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்து, நம் வீட்டு வாசற்படியில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும். கார்ப்பரேஷனுக்கு டெலிபோன் செய்து அதை விரட்டச் சொல்வோம்.

இதெல்லாம் பெரியவருக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மண்வெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, தொழில்காரர் தொழில்காரரை விசாரிக்கிற ஆவலோடு நம் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். உங்க ஏரிக்கு மதகு எத்தனை ஐயா?" என்று கேட்டார்.

நாம் சாலையின் வளைவைப் பார்த்தோம். பஸ் வருகிற சத்தம் கேட்கவில்லை.